ஓடட்டும்

முதலில் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார்கள். அடுத்து வாசல் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டார்கள். நாற்காலிக் கால்களில் பழைய துணியைச் சுற்றிக் கட்டினார்கள். சமையலறைக் குழாய் சொட்டுவதை நிறுத்த ஆள் கூட்டி வந்தார்கள். அது வருஷக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய். தறிக்காரி வாய் வலிக்கச் சொன்னபோதெல்லாம் அந்த வீட்டில் யாருக்கும் காது கேட்கவில்லை. அவள் ஓய்வெடுத்துப் பழகவேண்டும் என்று டாக்டர் சொன்னதும் வீடே ஒற்றைக் காலில் நின்றது.

இதில் ரொம்பவும் அவதிப்பட்டவர் அவள் புருஷன். நகரப் பேருந்தில் கண்டக்டர். நிறுத்தத்தின் பெயரைக் கூவிக் கூவி, உள்ளே இருப்பவர் தூக்கம் கலைந்து எழுந்து இறங்கும்படி செய்த தொண்டை அது. ரகசியம் பேசச் சொன்னால் அந்தத் தொண்டைக்கு என்ன தெரியும்? காலை ஷிப்ட் முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வருபவர், சட்டைப் பையிலிருந்த சாவிக்கொத்தைக்கூட வெளியே வைத்துவிட்டுத்தான் படியேறுவார். "சாப்பிட்டியா" என்று மனைவியிடம் குசுகுசுப்பார். எதிர்வீட்டிலிருந்து "சாப்பிட்டாச்சு" என்று பதில் வரும்.

தறிக்காரிக்குப் பித்தப்பையில் கல் இருந்தது. அறுத்து எடுத்தாயிற்று. தையலும் நன்றாக ஆறிவிட்டது. ஒன்றரை மாசம் வேலைக்குப் போகாமல் ஓய்வாக இருக்கச் சொல்லியிருந்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

துணி ஆலையின் நெசவுக்கூடத்தில் ஆறு தறிகளைக் கவனித்துக்கொள்பவள் அவள். உள்ளே போனால் பக்கத்தில் நிற்பவர் உயிர் போகக் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோரும் உதட்டசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். மிச்சத்துக்குக் கை ஜாடை. அத்தனை இரைச்சலிலும், தன் ஆறு தறிகளில் ஒன்று நின்றால் மட்டும் தறிக்காரிக்குத் தெரிந்துவிடும். முதுகைக் காட்டி நின்றாலும் தெரியும். காதுக்குத் தெரிகிறதா காலுக்குத் தெரிகிறதா என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. உடம்பு தானாகத் திரும்பிவிடும். இழை அறுந்திருக்கும், இல்லையென்றால் ஊடு நூலைச் சுமந்து குறுக்கே ஓடுகிற நாடா சிக்கியிருக்கும். ஓடிப்போய் முடிச்சுப் போட்டு, தறியைத் தட்டிவிட்டு, சுட்டுவிரலைக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவாள். ஓடட்டும் என்று அதற்கு அர்த்தம். ஓடுகிற வரை கவலையில்லை, நின்றால்தான் கவலை. இருபத்திரண்டு வருஷமாக அவள் பிழைத்த பிழைப்பு இது.

அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் மெத்தையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

படுத்தவுடன் சுகமாகத்தான் இருக்கும். கை கால் தளரும், கண் சொக்கும். சரி, தூங்கப் போகிறோம் என்று நினைக்கிற அந்த நொடியில் அடிவயிற்றிலிருந்து என்னவோ கிளம்பும். நெஞ்சு திடுதிடுவென்று அடித்துக்கொள்ளும், தொண்டை அடைக்கும், உள்ளங்கை நனைந்துவிடும். எங்கேயோ எதுவோ கெட்டுப்போயிற்று, உடனே எழுந்து ஓடாவிட்டால் செத்துப்போவோம் என்று உடம்பு அடித்துச் சொல்லும். எழுந்து நாலு பாத்திரம் துலக்கினால் போய்விடும். திரும்பப் படுத்தால் திரும்ப வரும். முதல் வாரம் யாரிடமும் சொல்லவில்லை. வேலை செய்யும்போது வராத சாவு, படுத்தால் வருகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? கேட்டவர்கள் சிரிக்கமாட்டார்களா?

மறைத்து வைத்ததை மகள் கண்டுபிடித்துவிட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், கல்யாணமாகி அடுத்த தெருவில் குடியிருப்பவள். கண்டக்டர் அவளுக்கு வைத்திருந்த பெயர் டாக்டரம்மா. ஒருநாள் மாத்திரை கொடுக்க வந்தவள், குளியலறைத் தரையில் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள். அப்படியே ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனாள். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் நல்ல மனுஷர்.

"இதயம் கல்லு மாதிரி இருக்கு. ஓய்வெடுக்கலாம்னு உக்காந்தாதான் படபடப்பு வர்றவங்க நிறையப் பேரு இருக்காங்க. பரபரப்பாவே இருந்து பழகின உடம்பு, திடீர்னு அடங்கச் சொன்னா பயந்துக்கும். இதுல உயிருக்கு ஒண்ணும் ஆகாது. கட்டாயப்படுத்தாம, உங்களுக்கு எப்படித் தோதுப்படுதோ அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாப் பழகுங்க" என்றார்.

தறிக்காரி அதில் 'கட்டாயப்படுத்தாம' என்பதைக் கேட்டுக்கொண்டாள். மகள் 'பழகுங்க' என்பதை மட்டும் கேட்டுக்கொண்டாள். ஆலையின் இரைச்சல்தான் அம்மாவின் நரம்பைக் கெடுத்துவிட்டது, அமைதியான இடத்தில் படுக்கவைத்தால் சரியாகிவிடும் என்று அவளுக்கு ஒரு தீர்மானம். கடிகாரம் நின்றதும் குழாய் அடைபட்டதும் அதற்குப் பிறகுதான்.

போனில் ஒரு பாடமும் கொண்டுவந்து வைத்தாள். யாரோ ஒரு பெண், தேனில் நனைத்த குரலில், "அமைதியான ஒரு கடற்கரையை நினைத்துக்கொள்ளுங்கள்" என்றாள்.

"எந்தக் கடற்கரை?" என்றாள் தறிக்காரி.

"ஏதாவது ஒண்ணும்மா."

"நான் போனதே ஒரு தடவை. அன்னிக்கு உங்கப்பா செருப்பைத் தொலைச்சிட்டாரு. அதைத் தேடினதுதான் ஞாபகம் இருக்கு."

"செருப்பை விடும்மா. அலையை நினை."

"அலைதானே அதை இழுத்துட்டுப் போச்சு."

கண்டக்டர் சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே ஓடினார்.

வாரங்கள் போயின. வருகிற திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பவேண்டும். அந்த நாளை நினைத்துத்தான் தறிக்காரி பொறுத்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை மத்தியானம், வானம் இருட்டிக் காற்று ஈரமாக வீசிக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தறி ஓட்டுகிற நெட்டச்சி பார்க்க வந்தாள். ஆறடிக்கு ஒரு விரல் குறைவு, அதனால் அந்தப் பெயர். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

மகள் கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்து, "அம்மா ரெஸ்ட்ல இருக்காங்க. சத்தம் போடாமப் பேசுங்க அத்தை" என்றாள்.

"அதுக்கென்ன" என்று நெட்டச்சி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் வாயைத் திறந்து, சத்தமே இல்லாமல் பேச ஆரம்பித்தாள். தறிக்காரியும் எழுந்து சாய்ந்துகொண்டு அதேபோல் பதில் பேசினாள். இரண்டு பேரும் உதட்டைக் குவித்தும் விரித்தும், கையை ஆட்டியும், தொடையில் தட்டிக்கொண்டும் பேசினார்கள். ஊர்க்கதை முழுக்க ஓடியது, ஒரு ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. மகள் சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சத்தம் போடக்கூடாது என்று அவளே சொல்லியிருக்கும்போது எதைக் குறை சொல்வது?

திடீரென்று தறிக்காரியின் உதடு நின்றது.

நெட்டச்சி சொல்லியிருந்தது இதுதான்: "நீ இனிமே வரமாட்டேன்னு உன் பொண்ணு மேஸ்திரிகிட்ட போன்ல சொல்லிட்டாளாமே? உன் தறியை வேற ஆளுக்குக் குடுக்கப் போறாரு. நெசந்தானா?"

தறிக்காரி கட்டிலைவிட்டு இறங்கினாள். வாயில் இப்போது சத்தம் இருந்தது.

"மேஸ்திரி போன் பண்ணாரா?"

மகள் கரண்டியை வைத்தாள். நெட்டச்சியை ஒரு பார்வை பார்த்தாள். நெட்டச்சி வாழைப்பழத்தை எண்ணுகிறவள் மாதிரி குனிந்துகொண்டாள்.

"பண்ணாரு. திங்கட்கிழமை வருவியான்னு கேட்டாரு. நீ இனிமே வரமாட்டேன்னு நான்தான் சொன்னேன்."

"எனக்கு வாய் இருக்கா இல்லையா?"

"இருந்து என்ன, நீ சரின்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன். அவரு கேட்டது என்னைத்தானே."

"அம்மா, வீம்பு பண்ணாத. படுத்தா உனக்கு மூச்சு வரமாட்டேங்குது. அந்த எழவு சத்தத்துல நின்னு நின்னுதான் இப்படி ஆயிருக்கு. இனிமே உக்காந்து சாப்பிடு. நாங்க பாத்துக்க மாட்டமா?"

"பசிக்கிறது எனக்கு, சாப்பிடுறது நீயா? வேலையை விடுறதுன்னா நான் விடுவேன். எனக்காக நீ விடுறதுக்கு அது உன் வீட்டு மாவுச் சட்டி இல்ல."

"நீ குளியலறையில வாளியப் பிடிச்சிட்டு உக்காந்திருந்ததை நீ பாக்கல. நான் பாத்தேன்."

"நான் பாக்கலையா? நான்தாண்டி உக்காந்திருந்தேன்."

கண்டக்டர் அப்போதுதான் படியேறி வந்தார். பழக்கதோஷத்தில் சாவிக்கொத்தை வெளியே வைத்துவிட்டு, "என்னாச்சு" என்று குசுகுசுத்தார். தெருவில் போன நாய் நின்று பார்த்தது.

"உங்க டாக்டரம்மா எனக்குச் சீட்டுக் கிழிச்சிட்டா" என்றாள் தறிக்காரி.

நடந்ததைக் கேட்டதும் கண்டக்டருக்கு முகம் விழுந்துவிட்டது. மகள் செய்தது தப்பு என்று அவருக்குத் தெரியும். மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறார் என்பதும் அவருக்குத் தெரியும். எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் நடுவில் நின்றார்.

மகள்தான் பேசினாள். "சரி. ஒரே ஒரு மணி நேரம். எந்திரிச்சு ஓடாம, நிம்மதியாத் தூங்கிக் காட்டு. நீ நல்லாத்தான் இருக்கேன்னு நான் ஒத்துக்கறேன். நானே மேஸ்திரிக்குப் போன் பண்ணி, தெரியாமச் சொல்லிட்டேன், அம்மா வருவாங்கன்னு சொல்றேன்."

"முடியலன்னா?"

"முடியலன்னா வேலைங்கிற பேச்சே எடுக்கக் கூடாது."

நெட்டச்சி சத்தமில்லாமல், "ஒத்துக்காத" என்றாள்.

"ஒத்துக்கறேன்" என்றாள் தறிக்காரி. வீம்பு என்று மகள் சொன்னது பொய்யில்லை.

நெட்டச்சி கிளம்பிப் போனாள். ஜன்னலைச் சாத்தினார்கள், திரையை இழுத்துவிட்டார்கள். கண்டக்டர் வாசற்படியில் காவல் உட்கார்ந்து, விளையாட வந்த பிள்ளைகளை அடுத்த தெருவுக்கு விரட்டினார். மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கதவோரம் நின்றாள். வீடு அடங்கியது. அந்த மாதிரி அடக்கத்தை அந்த வீடு கட்டின நாளிலிருந்து பார்த்திருக்காது.

தறிக்காரி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். தூங்கு, தூங்கு என்று தன்னைத்தானே அதட்டினாள். அதட்டினால் வருகிற சாமானா தூக்கம்? மகள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. வாசலில் புருஷன் இருமலை விழுங்குவது தெரிந்தது. மற்றபடி ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாதது அறை முழுக்க வந்து நின்றது. எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நின்றுவிட்ட கூடத்தில் தனியாகப் படுத்திருப்பது போலிருந்தது அவளுக்கு. வயிற்றிலிருந்து அது கிளம்பிவிட்டது. பல்லைக் கடித்தாள், மெத்தை விரிப்பைப் பிடித்துக்கொண்டாள், எழுந்திருக்க மாட்டேன் என்று பிடிவாதமாகக் கிடந்தாள். ஆறு தறிகளும் கண் முன்னால் வந்து நின்றன.

வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. மகள் கைக்கடிகாரத்திலிருந்து தலையைத் தூக்கினாள். கண்ணில் தண்ணீர் நின்றது, அவ்வளவுதான். தறிக்காரி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"எங்கம்மா போற? மழை வரப்போகுது."

"செத்தா உங்க மெத்தையில படுத்துச் சாகமாட்டேன். நடந்துகிட்டே சாகறேன். வழியை விடுங்க."

கண்டக்டர் ஒதுங்கி வழிவிட்டார்.

விறுவிறுவென்று நடந்தாள். நடக்க நடக்க நெஞ்சு அடங்கியது, கோபம் அடங்கவில்லை. மகள்மேல் கோபம், மேஸ்திரிமேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலே தன் உடம்பின்மேல் கோபம். இருபத்திரண்டு வருஷம் கேட்டதெல்லாம் செய்த உடம்பு. கொஞ்சம் சும்மா இரு என்று கேட்டதற்குக் காலை வாரிவிட்டதே. தெருமுனைக்கு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பெரிய பெரிய துளியாக விழுந்து சட்டென்று கொட்ட ஆரம்பித்தது. முனையில் இருந்தது மாவு மில். அரைக்கிற சத்தம் உள்ளே கேட்டது. அதன் வாசலில் ஒதுங்கினாள்.

மில்காரர் அவளைப் பார்த்ததும் பதறிப்போனார். புருவமெல்லாம் மாவு, காதில் பஞ்சு. ஓடிப்போய் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு, ஒரு காதுப் பஞ்சை எடுத்துவிட்டுக் கத்தினார்.

"கோவிச்சுக்காதம்மா. மழைச் சத்தத்துல உங்க வீட்டுக்குக் கேக்காதுன்னு நெனச்சேன். மூணு நாள் கோதுமை அப்படியே கெடக்கு. இதோ நிறுத்திடறேன்."

"எதுக்கு நிறுத்தணும்?"

"மத்தியானத்துல ஓட்டக்கூடாதுன்னு நீ ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கே உங்க வீட்டுக்காரர் வந்து சொல்லிட்டுப் போனாரே. உனக்கு உடம்பு சரியில்லன்னு. ரகசியமாத்தான் சொன்னாரு. நாலு தெருவுக்கும் கேட்டுச்சு."

தறிக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மில் சத்தம் எத்தனையோ வருஷமாகத் தன் வீட்டுச் சுவருக்குள் வந்துகொண்டிருந்த சத்தம். வார விடுமுறையில் அவள் கண்ணயர்ந்ததெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டுதான். அதையுமா நிறுத்தினார்கள்?

"கையை எடுங்கண்ணே. ஓட்டுங்க" என்றாள். "மழை விடுற வரைக்கும் இப்படி உக்காந்துக்கறேன்."

சுவரோரம் காலிச் சாக்குகள் குவிந்து கிடந்தன. அதன்மேல் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். சுவர் அதிர்ந்தது, தரை அதிர்ந்தது, சாக்கு அதிர்ந்தது. பெல்ட் படபடவென்று ஓடியது. கோதுமை சரசரவென்று இறங்கி, சூடான மாவாக வெளியே விழுந்தது. நனைந்த புடவையில் மாவு ஒட்டியது. எங்கேயும் எதுவும் நிற்கவில்லை. பெல்ட்டின் இணைப்பு சக்கரத்தைத் தாண்டும்போதெல்லாம் ஒரு 'டக்', தவறாமல் ஒரு 'டக்'. அவள் உடம்பு அதைக் கேட்டுக்கொண்டது. கண் சொக்கியபோது வழக்கம்போல வயிற்றிலிருந்து அது கிளம்பத்தான் செய்தது. பாதி வழி வந்தது. டக். எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வந்தது, வந்த வழியே இறங்கிப்போனது. கை மடியில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது.

கண்டக்டரும் மகளும் குடையோடு எங்கெல்லாமோ தேடினார்கள். பேருந்து நிறுத்தம், பூங்கா, நெட்டச்சி வீடு வரைக்கும் போய்விட்டு, நனைந்து திரும்பி வருகிற வழியில்தான் மில்லுக்குள் எட்டிப் பார்த்தார்கள். தறிக்காரி சாக்கின்மேல் சரிந்து கிடந்தாள். தலை, இமை, மேலுதடு எல்லாம் வெள்ளை. மகளுக்கு ஒரு நொடி உயிரே போய்விட்டது. அப்புறம்தான் குறட்டை விடுகிறாள் என்று தெரிந்தது. அந்த இரைச்சலில் குறட்டை கேட்கவில்லை, வயிறு ஏறி இறங்குவதில் தெரிந்தது.

கண்டக்டர் மில்காரரிடம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, எவ்வளவு நேரமாக என்று கேட்டார். மில்காரர் ஒரு விரலை நிமிர்த்தினார், அதன்மேல் பாதி விரலை வைத்தார். ஒன்றரை மணி நேரம். கண்டக்டர் மகளைப் பார்த்தார். மகள் வேறு பக்கம் பார்த்தாள்.

குடும்பத்தார் வந்திருக்கிறார்களே, பேசட்டும் என்று மில்காரர் மரியாதைக்குச் சுவிட்சை அணைத்தார்.

பெல்ட் தளர்ந்தது, சக்கரம் சுணங்கியது, நின்றது.

தறிக்காரி தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். கண் திறக்கும் முன்பே உடம்பு திரும்பிவிட்டது. அறுந்த இழையைத் தேடி வலது கை காற்றில் துழாவியது. மூச்சு வாங்கியது. குளியலறையில் பார்த்த அதே முகம். மகள் அதைப் பார்த்தாள், நின்ற சக்கரத்தையும் பார்த்தாள். அம்மா சுட்டுவிரலை மட்டும் உயர்த்தி, கோபமாக, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

மில்காரருக்கு விளங்கவில்லை. "என்னம்மா? தண்ணி வேணுமா?" என்றார்.

"ஓட்டுங்க மாமா" என்றாள் மகள். "ஓட்டச் சொல்றாங்க."

மறுபடி சுவர் அதிர்ந்தது. தறிக்காரி சாக்கில் சாய்ந்தாள். உயர்த்திய கை மெல்லக் கீழே இறங்கியது. மகள் அவள் பக்கத்தில் குந்தி, அந்த முகத்திலிருந்த மாவை முந்தானையால் துடைத்தாள். இந்த இரைச்சலில் எதைச் சொன்னாலும் யாருக்குக் கேட்கப் போகிறது என்ற தைரியத்தில், இத்தனை நாளாகச் சொல்லாததை வாய்க்குள்ளேயே சொன்னாள்.

"நீ செத்துப்போயிருவியோன்னு பயந்துட்டேம்மா."

தறிக்காரியின் கண் பாதிதான் திறந்திருந்தது. அது போதும் அவளுக்கு. மகளின் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளுக்குச் சொல்வதுபோல, ஒவ்வொரு சொல்லாக, உதட்டை நன்றாகத் திறந்து மூடிச் சொன்னாள்.

"சாகமாட்டேன். போய்ப் போன் பண்ணு."

மகளுக்கு முதல் தடவையாக அந்தப் பேச்சு விளங்கியது. குடையைக்கூட எடுக்காமல், போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினாள். கண்டக்டர் சாவிக்கொத்தைப் பையில் போட்டுக் குலுக்கிக்கொண்டு மனைவியின் பக்கத்தில் ஒரு சாக்கை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நம்ம வீட்டுக் கடிகாரத்துக்கு இன்னிக்கே பேட்டரி வாங்கணும்" என்று தன் சொந்தக் குரலில் சொன்னார்.

தறிக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் விரல் மட்டும் மடியில் கிடந்தபடியே இன்னொரு சுற்றுச் சுற்றியது.